இடர்ப் பதிவேட்டில் விடுபட்ட ஒரு நெடுவரிசை

கைபேசி வலைப்பின்னலுக்கான ரேடியோ அலகு (கோபுரத்தில் ஏறி அலைகளை அனுப்பிப் பெறும் கருவி) ஒன்றை உருவாக்கிய குழுவில் நான் பணியாற்றியபோது, இடர்ப் பதிவேட்டைப் பராமரிக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. பதிவேடு என்றால் ஒரு விரிதாள்தான். ஒவ்வோர் இடருக்கும் ஒரு வரிசை. அது நிகழக்கூடிய வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை ஓர் எண். நிகழ்ந்தால் உண்டாகும் பாதிப்புக்கு 1 முதல் 5 வரை இன்னோர் எண். இரண்டையும் பெருக்கிவரும் விடைக்கு ஏற்பக் கட்டம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறும். மாதம் ஒருமுறை கூடி, ஒரு வரிசைக்கு 3 கொடுப்பதா 4 கொடுப்பதா என்று அரை மணி நேரம் வாதிடுவோம்.

அந்தப் பதிவேட்டின் 17ஆம் வரிசை, பக்கத்து அலைவரிசைக்குள் எங்கள் கருவி சிந்தக்கூடிய தேவையற்ற கதிர்வீச்சுக்கான உச்சவரம்பு இன்னும் இறுதியாகவில்லை என்பதைப் பற்றியது. வாய்ப்பு 3, பாதிப்பு 3, விடை 9, நிறம் மஞ்சள். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்காலம் அது மஞ்சளாகவே இருந்தது. இடையில் ஒருநாள், ரேடியோ அலகில் தேவையற்ற அலைகளை வடிகட்டும் ஃபில்டருக்கான வார்ப்பு அச்சைச் செய்யச் சொல்லி ஆணை அனுப்பினோம். அந்த ஆணைக்கு முந்தைய நாள்வரை, வரம்பு இறுகினால் எங்களுக்கு ஆகக்கூடிய செலவு ஒரு பொறியாளரின் இரண்டு வார உழைப்பு மட்டுமே. மறுநாள் முதல் அதே இடரின் விலை அரை ஆண்டுத் தாமதமும், எதற்கும் உதவாமல் போகும் ஓர் அச்சுமாக ஆகிவிட்டது. பதிவேட்டிலோ 9 என்ற எண் அசையவே இல்லை. பின்னர் வரம்பு இறுகத்தான் செய்தது.

அடுத்த தலைமுறைக் கைபேசித் தொழில்நுட்பத்தின் இடர்களை எடைபோடுவது பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த அசையாத 9தான். இடர் என்பது வெளியே எங்கோ நிகழக் காத்திருக்கும் ஒன்று என்ற எண்ணத்தில் நாங்கள் அதற்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தோம். உண்மையில் அது எங்கள் முடிவுகளோடு ஒட்டிக்கொண்டு வளர்வது; ஒரு முடிவைத் திரும்பப் பெற முடியாமல் போகும் நாளில் அதன் கனம் பன்மடங்காகிறது. அந்த நாளைக் குறிப்பதற்கு எங்கள் விரிதாளில் நெடுவரிசையே இருக்கவில்லை.

பெருக்கல் முறையின் குறைகள் புதியவை அல்ல. 5 என்பது 1ஐப்போல் ஐந்து மடங்கு கடுமை என்று யாரும் அளந்து சொல்லவில்லை. அது முதலாவது, இரண்டாவது என்பதுபோன்ற வரிசைமுறை எண்தான், அப்படிப்பட்ட எண்களைப் பெருக்கினால் வரும் விடைக்குத் திட்டமான பொருள் கிடையாது. ஒரு பொருள் எவ்வெவ்வாறு பழுதாகலாம் என்று ஆராயும் பழுதுமுறைப் பகுப்பாய்வில் கடுமை, நிகழ்வு, கண்டறிதல் என்று மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டுப் பெருக்குவார்கள். ஆயிரம் சேர்க்கைகளிலிருந்து 120 வெவ்வேறு விடைகள்தான் கிடைக்கும், ஆகவே ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத ஆபத்துகள் ஒரே எண்ணின்கீழ் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதையெல்லாம் அறிந்தவர்களே கூட்டத்தில் அமர்ந்து 3ஆ 4ஆ என்று வாதிடுவார்கள் என்பது வேறு விஷயம். நானும் வாதிட்டிருக்கிறேன்.

கைபேசித் துறையில் முடிவுகள் இறுகும் விதம் மற்றத் துறைகளிலிருந்து வேறுபட்டது. ஒரு தலைமுறைக்குச் சுமார் பத்தாண்டு என்ற தாளம் இங்கே நிலைபெற்றிருக்கிறது: 1979இல் ஜப்பானில் முதல் தலைமுறை, 1991இல் பின்லாந்தில் ஜிஎஸ்எம் என்னும் 2ஜி, 2001இல் மீண்டும் ஜப்பானில் 3ஜி, 2009 இறுதியில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் எல்டிஇ என்னும் 4ஜி, 2019 ஏப்ரலில் தென் கொரியாவிலும் அமெரிக்காவிலும் 5ஜி. அந்தப் பத்தாண்டுக்குள் பூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. முதலில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் புதிய தலைமுறை எப்படி இருக்கவேண்டும் என்ற சட்டகத்தை வகுக்கிறது. 6ஜிக்கான ஐஎம்டி-2030 சட்டகம் 2023 நவம்பரில் ஏற்கப்பட்டது. பிறகு உலக வானொலி மாநாட்டில் அலைக்கற்றை முடிவாகிறது. 2027 மாநாட்டின் முன் 4.4-4.8, 7.125-8.4, 14.8-15.35 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் ஆய்வுக்கு இருக்கின்றன. கைபேசி விவரக்குறிப்புகளை எழுதும் 3ஜிபிபி அமைப்பு, ரிலீஸ் எனப்படும் தன் வெளியீட்டுத் தொகுதிகளில், ரிலீஸ் 20இல் ஆய்வும் ரிலீஸ் 21இல் முதல் 6ஜி விவரக்குறிப்புகளும் என்று திட்டமிட்டிருக்கிறது. அதன்பின் சிப் வடிவமைப்பு, சிப்பை அச்சிடப் பயன்படும் முகமூடித் தகட்டுக்குப் போகிறது, ஏலத்தில் பணம் கட்டப்படுகிறது, கோபுரங்களில் கருவி ஏறுகிறது. ஏறிய கருவி சுலபத்தில் இறங்காது.

இந்தப் பூட்டுகளில் இயற்பியலைச் சார்ந்தவற்றைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் அவற்றை முன்கூட்டியே அளந்துவிடலாம். திறந்த வெளியில், அதிர்வெண் பத்து மடங்கானால் ஒரே வகை எளிய ஆண்டெனாக்களுக்கு இடையேயான இழப்பு 20 டெசிபல் (நூறு மடங்கு) கூடுகிறது. பல ஆண்டெனாக்களை அடுக்கிக் கற்றையைக் குவித்து அதில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம், ஆனால் குறுக்கே வரும் கையையும் சுவரையும் இலைக்கொத்தையும் கற்றையால் ஊடுருவ முடியாது. 60 கிகாஹெர்ட்ஸை ஒட்டி ஆக்ஸிஜனே ஒரு கிலோமீட்டருக்குப் பதினைந்து டெசிபல் அளவுக்கு அலையை விழுங்குகிறது, 183 கிகாஹெர்ட்ஸில் நீராவி அதே வேலையைச் செய்கிறது. அமெரிக்க ஒழுங்காற்று ஆணையம் 2019 மார்ச்சில் 95 கிகாஹெர்ட்ஸ் முதல் 3 டெராஹெர்ட்ஸ் வரை பரிசோதனைகளுக்குத் திறந்துவிட்டபோது, 6ஜி என்றாலே டெராஹெர்ட்ஸ்தான் என்பதுபோன்ற பேச்சு எழுந்தது. இன்று அதே துறை 7 கிகாஹெர்ட்ஸுக்கு அக்கம்பக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. இதைத் தோல்வியென்று சிலர் எழுதுகிறார்கள். பூட்டு விழும் முன்பே அளந்து பார்த்து மனத்தை மாற்றிக்கொண்டார்கள் என்பதால் இதை நான் நல்ல இடர் மதிப்பீட்டுக்கு எடுத்துக்காட்டாகவே கொள்வேன்.

எனக்குக் கவலை தருவது பக்கத்து அலைவரிசையில் இருக்கும் அண்டை வீட்டுக்காரர்தான். அமெரிக்காவில் 3.7 முதல் 3.98 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றை 5ஜிக்காக 2021இல் சுமார் 8,100 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று. அதற்குமேல் 220 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விட்டு, 4.2 முதல் 4.4 வரை, விமானங்களின் ரேடியோ உயரமானிகள் இயங்குகின்றன. தரையிலிருந்து விமானம் எத்தனை அடி மேலே இருக்கிறது என்பதை, பார்வை மங்கிய வானிலையிலும் இறங்கும்போது அவைதாம் சொல்கின்றன. 5ஜி கோபுரங்கள் தமக்குரிய வரம்பை மீறினவா என்றால், சிக்கலின் மையம் அதுவன்று. பழைய உயரமானிகளின் ஏற்பிகள், பக்கத்து அலைவரிசையில் செயற்கைக்கோளிலிருந்து மெல்லிய குறிப்பலைகள் மட்டுமே வந்துகொண்டிருந்த காலத்தில் வடிவமைக்கப்பட்டவை. தம் எல்லைக்கு வெளியே ஒலிக்கும் உரத்த குரலை வடிகட்டவேண்டிய தேவை அவற்றுக்கு அன்று இருக்கவில்லை. 2020 அக்டோபரிலேயே வான்பயணத் தொழில்நுட்ப அமைப்பொன்று எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டிருந்தது. ஏலம் அதன்பின்னும் நடந்தது. 2021 டிசம்பர் 5இல் தொடங்கவிருந்த சேவை ஜனவரி 5க்கும் பிறகு 19க்கும் தள்ளிப்போயிற்று, விமான நிலையங்களைச் சுற்றிக் கோபுரங்களின் இயக்கம் கட்டுப்படுத்தப்பட்டது, சில விமானப் பயணங்கள் ரத்தாயின, கடைசியில் விமானங்களின் ஏற்பிகளுக்கு ஃபில்டர் பொருத்தவேண்டி வந்தது.

இந்த நிகழ்வை நான் புதிதாகச் சேரும் பொறியாளர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யாருடைய பதிவேட்டில் இந்த இடர் இருந்திருக்கவேண்டும்? கோபுரக் கருவி செய்பவரின் பதிவேட்டில் தன் கதிர்வீச்சு இருக்கும். உயரமானி செய்பவர் தன் பொருளை எப்போதோ விற்று முடித்துவிட்டார். ஏலம் விட்டவருக்கு இடைவெளி போதும் என்ற கணக்கு இருந்தது. இடர் மூவருக்கும் நடுவில், யாருடைய தாளிலும் ஏறாமல் கிடந்தது. இதே தன்மையுள்ள இன்னொரு வழக்கு 24 கிகாஹெர்ட்ஸுக்கு அருகில் உண்டு. வளிமண்டல நீராவி 23.8 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இயல்பாகவே வெளியிடும் மிக மெல்லிய கதிர்வீச்சை வானிலைச் செயற்கைக்கோள்கள் கேட்கின்றன. நீராவியை இன்னோர் அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்ல முடியாது. ஷார்ம் எல்-ஷேக்கில் நடந்த 2019 உலக வானொலி மாநாடு, அந்த அலைவரிசைக்குள் 5ஜி கருவிகள் சிந்தும் கதிர்வீச்சுக்கு இரண்டு கட்ட வரம்பு விதித்தது, இறுக்கமான கட்டம் 2027 செப்டம்பரில் தொடங்குகிறது. நம் வரம்பு எப்போது இறுகும் என்று தேதியோடு எழுதித் தந்த இடர் இது ஒன்றுதான் என்று அந்நாளில் எங்கள் குழுவில் கேலியாகச் சொல்வதுண்டு.

சந்தையைப் பற்றிய இடர்களில் இரிடியம் என்னும் செயற்கைக்கோள் கைபேசித் திட்டத்தைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. 1980களின் பிற்பகுதியில் உருவான எண்ணம் அது. 66 செயற்கைக்கோள்கள், சுமார் 500 கோடி டாலர் செலவு, 1998 நவம்பரில் சேவைத் தொடக்கம், 1999 ஆகஸ்டில் திவால். செயற்கைக்கோள்கள் வேலை செய்தன. அந்த வலைப்பின்னல் கைமாறி இன்றும் இயங்குகிறது. பழுதடைந்தது தொடக்கத்தில் வைத்த அனுமானம். நகரங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் தரைவழிக் கைபேசி வராது அல்லது மெல்ல வரும் என்று கருதித் தொடங்கிய திட்டம், அந்த அனுமானம் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டிருந்தபோதும் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ள இயலாத அளவுக்கு முன்னரே இறுகியிருந்தது. ஐரோப்பாவின் 3ஜி ஏலங்களும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே: 2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் 2,250 கோடி பவுண்டு, ஜெர்மனியில் ஏறத்தாழ 5,000 கோடி யூரோவுக்கு நிகரான தொகை, அந்த அலைக்கற்றையில் பேசக்கூடிய கைபேசி அப்போது கடையில் இல்லை. 4ஜி காலத்தில் எல்டிஇக்குப் போட்டியாக இருந்த வைமேக்ஸ் தொழில்நுட்பத்தின் பக்கம் முன்கூட்டியே சாய்ந்தவர்கள் எல்டிஇ வென்றபோது முழு வலைப்பின்னலையும் கலைத்துக் கட்டவேண்டியிருந்தது. தவறான குதிரையில் பணம் கட்டியதைவிட, குதிரைகள் ஓடத் தொடங்கும் முன்பே வீட்டையும் சேர்த்து அடகு வைத்ததுதான் அங்கே இழப்பைப் பெரிதாக்கியது.

தலைமுறைகளுக்கு இடையிலான தையல்களில் வரும் இடர்கள் இவ்வளவு ஆரவாரமாகத் தெரிவதில்லை. எல்டிஇ முதலில் குரல் அழைப்புக்கு ஏற்பாடு இல்லாமல் வந்தது. அழைப்பு வந்தால் கைபேசி 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசட்டும் என்று அப்போதைக்கு ஒட்டுப்போட்டார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்த ஒட்டு வெளியே வந்தது: ஆஸ்திரேலியாவில் 3ஜியை நிறுத்தும் நேரத்தில், சாதாரண அழைப்பை 4ஜியில் பேசும் சில கைபேசிகள் அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜியைத் தேடுவது தெரியவந்து, நிறுத்தம் 2024 அக்டோபருக்குத் தள்ளிப்போடப்பட்டது. 5ஜியில் விரைவாகத் தொடங்குவதற்காக, 4ஜி மையத்தின் (கோபுரங்களுக்குப் பின்னால் எல்லாவற்றையும் இயக்கும் உள் வலைப்பின்னல்) மேல் புதிய ரேடியோவை ஏற்றும் சார்புநிலை வடிவம் 2017 டிசம்பரிலும், தனித்து நிற்கும் வடிவம் 2018 ஜூனிலும் விவரக்குறிப்பாக வந்தன. இரண்டுக்கும் நடுவில் மேலும் சில வடிவங்களும் வரையப்பட்டன. விளைவு, பல சேவை நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் பாதி வழியில் நின்றன. 5ஜிக்கென்று சொல்லப்பட்ட பல பண்புகள் தனித்த மையம் இல்லாமல் வராது. 6ஜியை நேரே தனித்த வடிவத்தில் மட்டும் கொண்டுவர வேண்டும் என்று இப்போது எழும் குரல்களுக்கு இந்த அனுபவமே காரணம், நானும் அந்தக் கட்சிதான்.

பாதுகாப்புக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஜிஎஸ்எம்மில் வலைப்பின்னல் கைபேசியைச் சரிபார்க்கும், கைபேசி வலைப்பின்னலைச் சரிபார்க்காது. அந்த ஒருதலை ஏற்பாட்டினால்தான் போலிக் கோபுரங்கள் பல்லாண்டு பிழைத்தன. 5ஜியில் சந்தாதாரரின் நிலையான அடையாள எண் காற்றில் வெளிப்படையாகப் போகாமல், தாய் வலைப்பின்னலின் பொதுத் திறவுகோலால் மறைக்கப்பட்டுப் போக வழி செய்தார்கள். நல்ல திருத்தம். ஆனால் 4ஜி மையத்தின்மேல் ஓடும் 5ஜிக்கு அது கிடைக்காது. மேலும், அந்த மறைப்பு நீள்வட்டவளைவுக் குறியாக்கத்தை நம்பியிருக்கிறது, போதிய வலிமையுள்ள குவாண்டம் கணினி வந்தால் உடைவது அது. குவாண்டத்துக்கு ஈடுகொடுக்கும் முதல் தரநிலைகளை அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டது. அந்தத் திறவுகோல்களும் கையொப்பங்களும் அளவில் பெரியவை, காற்றில் அனுப்பும் முதல் செய்திகளில் இடம் நெருக்கடி. 2040களிலும் ஓடப்போகும் ஒரு தலைமுறைக்கு அந்த இடத்தை ஒதுக்குவது விவரக்குறிப்பு எழுதும் இந்தச் சில ஆண்டுகளில்தான் மலிவு. குவாண்டம் கணினி எந்த ஆண்டில் வரும் என்பதற்கு வாய்ப்பு மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பது வீண்வேலை. இடம் ஒதுக்கும் தேதி நமக்குத் தெரிந்திருக்கிறது, அது போதும்.

பெருக்கல் அட்டவணையால் பிடிக்கவே முடியாத இன்னொன்று, பொதுக் காரணத்தால் எல்லாம் சேர்ந்து விழுவது. 2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனிலும் ஜப்பானிலும் கோடிக்கணக்கானவர்களின் கைபேசி இணையம் ஒரே நாளில் நின்றது. எரிக்ஸன் தந்த மைய வலைப்பின்னல் மென்பொருளில் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது, அவ்வளவுதான். இரண்டு சர்வர்கள் தனித்தனியே பழுதடையும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்றால் இரண்டும் சேர்ந்து விழுவது பத்து லட்சத்தில் ஒன்று என்று நாம் கணக்கிடுகிறோம். இரண்டிலும் ஒரே சான்றிதழ் இருந்தால் அந்தக் கணக்கு கதையாகிவிடுகிறது. உலகில் ரேடியோ வலைப்பின்னல் கருவி செய்யும் பெரிய நிறுவனங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்ட நிலையில், இந்தப் பொதுக் காரணம் மென்பொருளாக மட்டும் இருக்கவேண்டியதில்லை. பிரிட்டன் 2020 ஜூலையில், 2027 இறுதிக்குள் 5ஜி வலைப்பின்னல்களிலிருந்து ஹுவாவேய் கருவிகளை அகற்றவேண்டும் என்று முடிவெடுத்தது. அங்கே கருவி நன்றாக வேலை செய்வது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

உடல்நலம் பற்றிய அச்சத்தைப் பலரும் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையமான ஐசிஎன்ஐஆர்பியின் 2020 வழிகாட்டுதல் 300 கிகாஹெர்ட்ஸ்வரை வரம்பு வகுத்திருக்கிறது, அதற்குள் இயங்குவது பொறியியலில் கடினமானதன்று. ஆனால் 2020இல் பிரிட்டனில் கோபுரங்களுக்குத் தீ வைத்தவர்கள் வழிகாட்டுதலைப் படித்துவிட்டு வரவில்லை. மக்களின் நம்பிக்கை என்பது தனி இடர், அதை டெசிபலில் எழுத முடியாது. 6ஜியில் தொடர்போடு உணர்தலும் சேரப்போகிறது: கோபுரம் தன் அலை எதிரொலிப்பதைக்கொண்டு சுற்றியுள்ள பொருள்களையும் ஆட்களையும் ரேடாரைப்போல் அறியும். கைபேசியே வைத்திராத ஒருவரிடம் இசைவு வாங்குவது எப்படி என்ற கேள்விக்கு இன்றைய சந்தாதாரர் ஒப்பந்தங்களில் விடை கிடையாது. கருவி கோபுரத்தில் ஏறியபின் இந்தக் கேள்வியை எடுப்பவர்கள் உயரமானிக் கதையைத்தான் மறுபடி நடத்துவார்கள்.

இப்போது நான் நடத்தும் பதிவேட்டில் பெருக்கல் இல்லை. ஒவ்வோர் இடருக்கும் எதிரே அது எந்த அனுமானத்தைச் சார்ந்திருக்கிறது, அந்த அனுமானத்தை எந்த முடிவு பூட்டுகிறது, எந்தத் தேதிக்குப்பின் மாற்றினால் விலை ஏறும், அதற்குமுன் செய்யக்கூடிய மிக மலிவான சோதனை எது என்பவற்றை எழுதுகிறோம். தேதியைத் தள்ளிப்போட முடியுமானால் அதற்கும் ஒரு விலை உண்டு. எடுத்துக்காட்டாக, ஒரு செயலாக்கப் பகுதியை நிலையான சிப்பில் வார்க்காமல், பின்னர் மாற்றி எழுதக்கூடிய எஃப்பிஜிஏவில் வைத்தால் மின்சாரமும் வெப்பமும் விலையும் கூடும். அந்தக் கூடுதலை வீண்செலவென்று நிதிப் பிரிவு சொல்லும், நான் காப்பீட்டுச் சந்தா என்று சொல்வேன். எல்லாப் பகுதிகளையும் அப்படித் திறந்தே வைத்திருக்க முடியாது என்பதும் உண்மை. விவரக்குறிப்பு அசையக்கூடிய இடங்களில் மட்டும் சந்தா கட்டுகிறோம், மற்றவற்றை வார்த்துவிடுகிறோம்.

சில வரிசைகளுக்கு இந்த முறையும் தடுமாறுகிறது. தனக்கும் கோபுரத்துக்கும் இடையே அலை வரும் வழி எப்படி இருக்கிறது என்று கைபேசி தான் அளந்த விவரத்தை, நரம்பணு வலைப்பின்னல் என்னும் செயற்கை நுண்ணறிவு மாதிரியால் சுருக்கி அனுப்ப, கோபுரம் அதை விரிக்கும் என்றொரு திட்டம் ரிலீஸ் 18 முதல் ஆராயப்பட்டு வருகிறது. சுருக்கும் மாதிரி ஒரு நிறுவனத்துடையது, விரிக்கும் மாதிரி இன்னொன்றினுடையது. யார் யாரோடு சேர்ந்து பயிற்றுவிப்பது, தவறினால் யாருடைய பழுது, புதுக் கைபேசி ஒன்று சந்தைக்கு வரும்போதெல்லாம் மறுபடி சோதிப்பது யார் என்று நாங்கள் மூன்று கூட்டங்களாகப் பேசியிருக்கிறோம். பூட்டும் தேதி என்ற கட்டத்தில் அதற்கு இன்னும் கேள்விக்குறிதான் இருக்கிறது. அந்தக் கேள்விக்குறியை எண்ணாக மாற்றும்படி யாரும் வற்புறுத்தாதது எனக்கு ஆறுதல்.

7 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலகுக்கும் ஒரு வரிசை திறந்திருக்கிறோம். அந்த அலைவரிசையில் ஏற்கெனவே நுண்ணலை இணைப்புகளும் செயற்கைக்கோள் சேவைகளும் இருக்கின்றன. அவற்றுக்காக எங்கள் கதிர்வீச்சு வரம்பு எவ்வளவு இறுகும் என்பது 2027 மாநாட்டுக்குப் பிறகே தெளிவாகும். ஃபில்டரின் வார்ப்பு அச்சுக்கான ஆணையை அதற்குமுன் அனுப்பக்கூடாது என்று அந்த வரிசைக்கு எதிரே எழுதியிருக்கிறேன். திட்ட மேலாளர் அதை நான்கு மாதம் முன்னதாக இழுக்கச் சொல்கிறார். அடுத்த வாரக் கூட்டத்தில் நாங்கள் வாதிடப்போவது அந்த நான்கு மாதத்தைப் பற்றி.